பாடசாலையின் பெயர் எழுதிய சட்டை

கடந்த மாதம் ஒரு மாலைப்பொழுதில் எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் கொழும்புக் கிளையிலிருந்து ஓர் இளைஞர் தொலைபேசியில் அழைத்தார். கல்லூரியின் ஆண்டு விழாவை ஒட்டிச் சின்னம் பொறித்த ரீசேட்டும் தொப்பியும் விற்று, கிடைக்கும் இலாபத்தில் நூலகத்துக்கு நூல்கள் வாங்கிக் கொடுக்கப் போகிறார்களாம். "அண்ணை, நீங்கள் முந்தி ஒருக்கா இதைச் செய்தனீங்கள் எண்டு சொன்னவை. எப்பிடிச் செய்யிறது எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ" என்றார்.

நான் முன்னொரு முறை செய்தது உண்மைதான். ஆனால் அது எப்படி முடிந்தது என்பதை அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. அந்தக் கதையை இக்கட்டுரையின் இறுதியில் சொல்கிறேன். பாடசாலையின் பெயரைத் துணியில் எழுதி விற்கும் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது, அதன் பின்னால் யார் யார் நின்றார்கள் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். இன்று பெரும் வணிகமாக வளர்ந்திருக்கும் இந்த வழக்கம் ஒரு முழ நாடாவிலிருந்து தொடங்கியது என்றால் பலருக்கு வியப்பாக இருக்கும்.

ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான படகோட்டப் போட்டி 1829 இல் ஆரம்பமானது. இரண்டாவது போட்டி 1836 இல் நடைபெற்றது. அன்று கேம்பிரிட்ஜ் படகில் அடையாளமாகக் கட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. கடைசி நேரத்தில் ஒருவர் அருகிலிருந்த துணிக்கடைக்கு ஓடிச்சென்று வெளிர் நீல நாடா ஒன்றை வாங்கி வந்தார். அது படகின் முனையில் கட்டப்பட்டது. அந்த நிறமே பின்னர் கேம்பிரிட்ஜின் நிறமாக நிலைத்துவிட்டது. கேம்பிரிட்ஜில் சென் ஜோன்ஸ் கல்லூரியின் படகோட்டிகள் அணிந்த நெருப்புச் சிவப்பு மேற்சட்டையிலிருந்தே 'பிளேசர்' என்ற சொல்லும் பிறந்தது. இன்று எங்கள் மாணவத் தலைவர்கள் கொளுத்தும் வெயிலிலும் கழற்ற மனமின்றி அணிந்து நிற்கும் அந்த மேற்சட்டையின் பூர்வீகம் குளிர்ந்த ஆற்றங்கரை ஒன்றாகும்.

அமெரிக்காவிலும் கதை ஆற்றிலேதான் தொடங்குகிறது. 1858 ஆம் ஆண்டு பொஸ்டன் நகரருகே நடந்த படகோட்டப் போட்டியில் ஹாவார்ட் அணியினர் பங்குபற்றினர். தூரத்திலிருந்து பார்ப்போருக்குத் தம் படகு எது என்று தெரியவேண்டும் என்பதற்காக அணியினருக்குச் சிவப்புக் கைக்குட்டைகள் வாங்கிக் கொடுக்கப்பட்டன. அவற்றை வாங்கிய இருவருள் ஒருவர் சார்ள்ஸ் எலியட் என்ற இளம் ஆசிரியர். அவரே பின்னர் 1869 முதல் 1909 வரை நாற்பது ஆண்டுகள் ஹாவார்டின் தலைவராக இருந்தார். இடையில் வேறொரு நிறமும் போட்டிக்கு வந்ததால் 1875 இல் மாணவர்கள் வாக்களித்தே சிவப்பைத் தெரிவு செய்தனர். பல்கலைக்கழகம் அந்த நிறத்தை உத்தியோகபூர்வமாக ஏற்றுக்கொண்டது 1910 இல்தான். அதாவது மாணவர்கள் முதலில் அணிந்தார்கள். நிறுவனம் அரை நூற்றாண்டு கழித்து ஒப்பமிட்டது. நிறமும் சின்னமும் யாருக்குச் சொந்தம் என்ற பிற்காலச் சண்டையைப் புரிந்துகொள்வதற்கு இந்த வரிசையை நினைவில் வைத்திருப்பது நல்லது.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியின் கல்வி மரபு யாழ்ப்பாணத்துக்கு மிக முன்னரே வந்துவிட்டது. அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கினர். அது 1855 இல் மூடப்பட்டது. பொஸ்டனில் அந்தச் சிவப்புக் கைக்குட்டைகள் வாங்கப்படுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர். வட்டுக்கோட்டை மாணவருக்கு வான சாஸ்திரமும் கணிதமும் வந்தன. நிறமும் கொடியும் வரவில்லை. அவை பின்னர் ஆங்கிலேயரின் கிரிக்கெட் மட்டையோடு வந்தன.

கொழும்பில் 1879 இல் கொழும்பு அக்கடமிக்கும் சென் தோமஸ் கல்லூரிக்கும் இடையே கிரிக்கெட் போட்டி நடந்தது. ஆசிரியர்களும் சேர்ந்து ஆடிய போட்டி அது. மாணவர்கள் மட்டும் ஆடிய போட்டி 1880 இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே அக்கடமி றோயல் கல்லூரி என்று பெயர் மாறியது. வடக்கில் யாழ். மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையிலான போட்டி 1904 இல் ஆரம்பமாயிற்று. 'வடக்கின் பெருஞ்சமர்' என்று நாம் அழைக்கும் அந்தப் போட்டி யுத்த காலத்தில் சில ஆண்டுகள் தடைப்பட்டபோதிலும் அற்றுப்போகவில்லை. போட்டி நாட்களில் கொடியும் தொப்பியும் நாடாவும் வீதிக்கு வந்தன. 'வர்ண விருது' பெறுவது என்பது ஒரு மாணவனின் வாழ்வில் பெரிய நிகழ்வாயிற்று. நிறம் என்பது உழைத்துப் பெறவேண்டிய ஒன்றாக இருந்த காலம் அது.

ஹாவார்டிலும் அப்படித்தான். 1865 இல் அங்குள்ள பேஸ்போல் அணியினர் தமது சாம்பல் நிறச் சட்டையில் 'எச்' என்ற எழுத்தைத் தைத்துக்கொண்டனர். பின்னர் ஒரு வழக்கம் உருவாயிற்று. யேல், பிரின்ஸ்டன் போன்ற முக்கிய எதிரணிகளுடனான ஆட்டத்தில் விளையாடியவர் மட்டுமே அந்த எழுத்தை வைத்துக்கொள்ளலாம். ஏனையோர் பருவ முடிவில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். காசு கொடுத்து வாங்கமுடியாத எழுத்து அது.

காசு கொடுத்து வாங்கக்கூடிய எழுத்தாக அது மாறியது எப்படி?

முதலாவது காரணம் மாணவர் கூட்டுறவுக் கடைகள். ஹாவார்ட் மாணவர்கள் 1882 இலும் யேல் மாணவர்கள் 1885 இலும் தமக்கெனக் கூட்டுறவுக் கடைகளைத் தொடங்கினர். நகர வியாபாரிகள் அறவிட்ட விலை தாங்காமல் நூல்களையும் அன்றாடத் தேவைப் பொருட்களையும் மலிவாகப் பெறுவதே அவற்றின் ஆரம்ப நோக்கம். வளாகத்துக்குள் ஒரு கடை, அந்தக் கடைக்கு வாடிக்கையாளராக ஆண்டுதோறும் புதிய மாணவர் கூட்டம் என்ற அமைப்பு ஒருமுறை உருவானபின், பெயர் பொறித்த பொருட்கள் அங்கே வந்து சேர்வதற்கு அதிக காலம் எடுக்கவில்லை.

இரண்டாவது காரணம் ரீசேட். அமெரிக்கக் கடற்படை 1913 அளவில் தன் சிப்பாய்களுக்கு உள்ளாடையாகக் கொடுத்த அரைக்கைப் பருத்தி பனியன்தான் அது. ஆங்கிலத்தில் அந்தச் சொல் அச்சில் வந்த மிகப் பழைய இடங்களுள் ஒன்று ஸ்கொட் பிட்ஸ்ஜெரால்ட் 1920 இல் வெளியிட்ட முதல் நாவலாகும். விடுதிப் பாடசாலைக்குப் புறப்படும் மாணவன் ஒருவனின் துணிப்பட்டியலில் அது இடம்பெறுகிறது. பிறந்தபோதே பாடசாலையோடு சேர்ந்து பிறந்த சொல் என்று சொன்னாலும் தவறில்லை. 1930களில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக வீரர்களின் பயிற்சிப் பனியன்களை மாணவர்கள் களவாடி அணிந்தார்களாம். அதைத் தடுக்க 'இது பல்கலைக்கழகத்தின் சொத்து' என்று அச்சிட்டார்களாம். அச்சிட்டபின் களவு இன்னும் கூடிவிட்டதாம். எவ்வளவு தூரம் உண்மையோ, ஆனால் மனித சுபாவம் அறிந்த கதை.

மூன்றாவது காரணம் ஒரு குடும்பத்தின் வியாபாரத் திறமை. நியூயோர்க் மாநிலத்தின் ரொசெஸ்டர் நகரில் 1919 இல் பைன்புளூம் சகோதரர்கள் ஒரு பின்னலாடைக் கம்பனியைத் தொடங்கினர். பின்னர் 'சம்பியன்' என்ற பெயரால் உலகறிந்த நிறுவனம் அதுதான். கடைத்தெருவை நம்பியிராமல் அவர்கள் வளாகம் வளாகமாகச் சென்றார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகம் அவர்களது ஆரம்பகால வாடிக்கையாளர்களுள் ஒன்று. தோய்த்தால் நீளம் சுருங்குகிறது என்று பயிற்றுநர்கள் முறையிட்டபோது, துணியை நெடுக்காக வெட்டாமல் குறுக்காகத் திருப்பி வெட்டும் முறையை 1938 இல் கண்டுபிடித்தார்கள். முதலில் வீரர்களுக்கு உடை. பின்னர் அதே உடை வளாகப் புத்தகக்கடையில் எல்லோருக்கும். களத்தில் இறங்காதவனும் எழுத்தை அணியலாம் என்றாயிற்று.

இதில் ஒரு ஜனநாயகம் இருக்கிறது. நானும் கல்லூரிக் காலத்தில் எந்த அணியிலும் இடம்பெற்றவன் அல்லன். எல்லைக்கோட்டுக்கு அப்பால் நின்று தொண்டை கிழியக் கத்தியவனுக்கும் அந்தக் கல்லூரியில் பங்கு உண்டு. ஆனால் அதே கணத்தில் வேறொரு வேலியும் எழுந்தது. முன்னர் திறமை இல்லாதவனுக்கு எழுத்துக் கிடைக்கவில்லை. இப்போது பணம் இல்லாதவனுக்குக் கிடைக்காது.

வியாபாரம் பெருகியதும் வழக்கும் வந்தது. பல்லாண்டு காலமாகப் பல்கலைக்கழகங்கள் இந்த விற்பனையை விளம்பரமாகவே கருதின, பணம் கேட்கவில்லை. 1973 இல் கலிபோர்னியாவின் லொஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகம் கைக்கடிகாரம் ஒன்றுக்குத் தன் பெயரைப் பயன்படுத்த அனுமதிப்பத்திரம் வழங்கியது. 1981 இல் அலபாமாவின் முன்னாள் உதைபந்தாட்ட வீரர் பில் பட்டில் என்பவர் பல்கலைக்கழகங்களின் சார்பில் அனுமதிப்பத்திரங்களை நிர்வகிக்கும் கம்பனியை ஆரம்பித்தார். அக்காலத்திலேயே பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகம் சம்பியன் நிறுவனத்துக்கு எதிராக வழக்குத் தொடுத்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தங்கள் கண்முன்னே விற்றவர்களை இப்போது தடுக்கலாமா என்பதே கேள்வி. கடந்த கால விற்பனைக்கு நட்டஈடு கேட்க முடியாது, எதிர்காலத்தைத் தடுக்கக் கேட்கலாம் என்று 1982 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. வழக்கு கீழ் நீதிமன்றத்துக்குத் திரும்பியபோது, 1983 இல் சம்பியனே வென்றது. அந்தச் சட்டையை வாங்குபவர் அதைப் பல்கலைக்கழகமே தயாரித்தது என்று எண்ணி ஏமாறவில்லை என்பது நீதிபதியின் முடிவின் சாரம். வழக்கில் வென்றபோதிலும் காலம் கம்பனிகளுக்குச் சாதகமாக இருக்கவில்லை. அனுமதிப்பத்திரம் பெற்று, விற்பனையில் ஒரு பங்கைச் செலுத்துவதே அங்கு வழக்கமாயிற்று.

பெயருக்குச் சொந்தக்காரர் யார் என்ற கேள்வி தீர்ந்த இடத்தில் அடுத்த கேள்வி எழுந்தது. அந்தச் சட்டையைத் தைத்தவர் யார்?

1990களின் இறுதியில் அமெரிக்க மாணவர்கள் இதைக் கேட்கத் தொடங்கினார்கள். 1998 இல் மாணவர் இயக்கம் ஒன்று நாடளாவிய ரீதியில் உருவாயிற்று. 1999 இல் டியூக், ஜோர்ஜ்டவுன், விஸ்கொன்சின் முதலிய பல்கலைக்கழகங்களின் நிர்வாக அலுவலகங்களில் மாணவர்கள் அமர்ந்துவிட்டார்கள். எங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தாங்கும் ஆடைகள் எந்தெந்தத் தொழிற்சாலைகளில் தைக்கப்படுகின்றன என்ற முகவரிப் பட்டியலை வெளியிடுங்கள் என்பதே அவர்களது முதல் கோரிக்கை. 2000 இல் தொழிலாளர் உரிமைகளைக் கண்காணிக்கும் தனி அமைப்பு ஒன்று தோன்றியது. அதன் பலம் 2009 இல் தெரிந்தது. ஹொண்டூராஸ் நாட்டில் ரசல் அத்லெற்றிக் நிறுவனம் தொழிற்சங்கம் அமைந்த ஆலை ஒன்றை மூடியது. சுமார் 1,200 தொழிலாளர் வேலை இழந்தனர். நூறளவிலான பல்கலைக்கழகங்கள் அந்நிறுவனத்துடனான ஒப்பந்தங்களைத் துண்டித்தன அல்லது இடைநிறுத்தின. அவ்வாண்டு நவம்பரில் புதிய ஆலை ஒன்றைத் திறக்கவும் தொழிலாளரை மீள அமர்த்தவும் கம்பனி உடன்பட்டது. அடுத்த ஆண்டு, 2010 இல், டொமினிக்கன் குடியரசில் சட்டபூர்வக் குறைந்தபட்சக் கூலியைப் போல் மும்மடங்கு கூலி கொடுத்துப் பல்கலைக்கழக ஆடைகளைத் தைக்கும் ஆலை ஒன்றும் தொடங்கப்பட்டது.

இந்தச் செய்திகள் தூரதேசத்துச் செய்திகளாக எங்களுக்கு இருக்க முடியாது. இலங்கையில் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் 1978 இல் தொடங்கியது. 1992 இல் ஜனாதிபதி பிரேமதாச இருநூறு ஆடைத் தொழிற்சாலைகள் திட்டத்தைக் கிராமப்புறங்களுக்குக் கொண்டுசென்றார். யுத்தம் முடிந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன. இன்று அதிகாலையில் வன்னிக் கிராமங்களின் சந்திகளில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் யுவதிகளுள் பலர் உயர்தரம்வரை படித்தவர்கள். வேறொருவரின் பெயரை நாள் முழுவதும் தைப்பவர்கள். சட்டை எங்கே தைக்கப்பட்டது என்ற கேள்வியைக் கேட்க வேண்டிய முதல் நாடுகளுள் எங்கள் நாடும் ஒன்று.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. எங்கள் நாட்டில் பாடசாலை உடைக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1945 இல் கன்னங்கரா வழியமைத்த இலவசக் கல்வியும், 1980 முதலான இலவசப் பாடநூலும், 1990களின் தொடக்கத்திலிருந்து இலவசச் சீருடைத் துணியும் ஒரே நோக்கத்தின் தொடர்ச்சிகள். வகுப்பறைக்குள் நுழைந்தபின் எவன் வீட்டில் என்ன இருக்கிறது என்று உடையைப் பார்த்துத் தெரியக்கூடாது என்பதே அந்த வெள்ளைச் சீருடையின் பொருள். வெள்ளைச் சீருடை எல்லோரையும் ஒன்றாக்குகிறது. அதன்மேல் நாம் கொண்டுவந்து விற்கும் வண்ணச் சட்டை, கவனமில்லாமல் விற்றால், வாங்கியவன் வாங்காதவன் என்று மீண்டும் பிரித்துவிடும்.

இனி என் கதை.

போர்நிறுத்தம் நிலவிய 2003 இல் நான் சங்கக் கிளையின் செயலாளராக இருந்தேன். ஏ9 பாதை திறந்திருந்தது. எல்லோருக்கும் ஊர் நினைவு பொங்கிய காலம். நடைபவனிக்கு 300 ரீசேட்டுகள் அச்சிடுவதென்று ஒரு கூட்டத்தில், தேநீர் ஆறுவதற்குள், தீர்மானித்தோம். எத்தனை பேருக்கு வேண்டும் என்று எவரையும் கேட்கவில்லை. அளவுகளை ஊகத்தில் சொன்னோம். குழுவில் இருந்தவர்கள் எல்லோரும் நாற்பது வயது ஆண்கள். ஆகவே நாற்பது வயது ஆண்களின் அளவே பெரும்பாலும் வந்தது. சின்னத்தை நான்கு நிறத்தில் கேட்டோம். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி அச்சுத்திரை வேண்டும் என்பதும் செலவு அதற்கேற்ப ஏறும் என்பதும் சிட்டை வந்தபின்தான் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, முதுகில் '2003' என்று பெரிதாக அச்சிட்டிருந்தோம். நடைபவனி முடிந்த மறுநாளே அவை பழைய சட்டைகள் ஆகிவிட்டன. நூற்றுக்கும் மேற்பட்டவை மிஞ்சின. ஒரு வருடத்துக்கு மேலாக என் வீட்டு அலுமாரியின் மேல் இரண்டு அட்டைப்பெட்டிகளாக அவை இருந்தன.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் வந்தது. நிவாரணத்துக்கு உடுபுடவை சேர்த்தபோது அந்த இரண்டு பெட்டிகளையும் லொறியில் ஏற்றினேன். சில மாதங்களுக்குப் பின் செய்தி சேகரிக்க வடமராட்சி கிழக்குக்குச் சென்றேன். கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு முதியவர் எங்கள் சட்டையை அணிந்திருந்தார். நெஞ்சில் கல்லூரிச் சின்னம். முதுகில் 'பெருமைமிகு பழைய மாணவன்' என்ற வாசகமும் அந்த வருடமும். கழுத்தருகே துணி நைந்திருந்தது.

"ஐயா, நீங்கள் அந்தப் பள்ளிக்கூடத்திலையோ படிச்சனீங்கள்?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்றும் வெட்கப்படுகிறேன்.

அவர் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். "நான் பள்ளிக்கூடமே போகேல்லைத் தம்பி. என்ரை பேரன்தான் படிச்சவன். அவனைக் கடல் கொண்டு போட்டுது" என்றார். பிறகு, "சட்டை நல்ல சட்டை. வேர்வை பிடிக்குது" என்று சொல்லிவிட்டு வலைக்குத் திரும்பினார்.

தொலைபேசியில் அழைத்த இளைஞருக்கு இந்தக் கதையையும் சொன்னேன். பின்னர் அவர் கேட்ட விபரங்களைக் கொடுத்தேன். சின்னத்தைப் பயன்படுத்த அதிபரிடம் எழுத்தில் அனுமதி பெறுங்கள். ஒரு மாதிரிச் சட்டையை வாங்கி மூன்று தரம் தோய்த்துச் சுருங்குகிறதா, சாயம் போகிறதா என்று பாருங்கள். சிறுவர், பெண்கள் உட்பட எல்லா அளவிலும் ஒவ்வொன்றைப் பாடசாலை மண்டபத்தில் வைத்துப் போட்டுப் பார்க்க விடுங்கள். பெயரையும் அளவையும் எழுதி, பாதிப் பணம் பெற்று, பற்றுச்சீட்டுக் கொடுத்தபின் எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். ஒரே நிறத்தில் அச்சிட்டால் போதும். வருடம் போடாதீர்கள். எங்கே தைக்கிறார்கள் என்று நேரில் போய்ப் பாருங்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் சிலர் சேர்ந்து நடத்தும் தையல் நிலையம் இருந்தால், சில ரூபா கூடினாலும் அங்கே கொடுங்கள். இலாபத்தைக் கணக்கிடுமுன் வாங்க முடியாத பிள்ளைகளுக்காக ஒரு பங்கை ஒதுக்குங்கள். மேடையில் கொடுக்க வேண்டாம். பெயர் கேட்க வேண்டாம். வகுப்பாசிரியர் கையில் கொடுத்துவிடுங்கள், அவருக்குத் தெரியும். விற்று முடிந்ததும் வரவு செலவை அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள்.

அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். "அண்ணை, முதுகிலை என்ன எழுதுவம்?" என்று இறுதியாகக் கேட்டார்.

"ஒண்டும் எழுதாதையுங்கோ தம்பி" என்றேன்.